முதல் நூலின் கூலி: இளையோருக்காக எழுதுகிறவர் பெறுவது என்ன?

ஒரு ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது எங்களூர் நெல் வியாபாரி ஒருவர் என் தோளைத் தொட்டார். "மாஸ்டர், பொத்தகம் போட்டிருக்கிறீங்களாம். நல்ல விசயம். கையில என்ன மிஞ்சினது?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அது நியாயமான கேள்வி என்று பட்டது. நெல்லை வாங்கி விற்கிறவருக்கு மூட்டைக்கு என்ன மிஞ்சும் என்பது தெரியும். நாற்பது வயது கடந்த ஓர் ஆசிரியர் மூன்று வருட இரவுகளைச் செலவழித்து, கைக்காசையும் போட்டு, பிள்ளைகளுக்காக ஒரு நாவல் எழுதினால் அவருக்கு என்ன கிடைக்கிறது? இந்தச் சஞ்சிகையின் வாசகர்களில் கையெழுத்துப் பிரதியை அலுமாரியில் பூட்டி வைத்திருப்போர் பலர் என்பதை அறிவேன். அந்த வியாபாரிக்குச் சொல்லாமல் விட்ட பதிலை அவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

இளையோர் இலக்கியம் என்பது எது?

முதலில் ஒரு மயக்கத்தை நீக்க வேண்டும். இளம் எழுத்தாளர் வேறு, இளையோருக்கான எழுத்தாளர் வேறு. இந்திய சாகித்திய அக்கடமி 2011 முதல் வழங்கும் யுவ புரஸ்கார் 35 வயதுக்கு உட்பட்ட எழுத்தாளர்களுக்கானது. அங்கே வயது எழுதுகிறவருடையது. இளையோர் இலக்கியத்தில் வயது வாசிக்கிறவருடையது. ஏறத்தாழ 12 முதல் 18 வரை, நமது கணக்கில் ஏழாம் தரத்திலிருந்து உயர்தரம் வரை படிக்கும் பிள்ளைகள். சிறுவர் கதையை விட்டு வளர்ந்துவிட்டவர்கள். பெரியவர்களின் நாவலுக்குள் இன்னும் நுழையாதவர்கள்.

சிங்கள மொழியில் இதற்கு உறுதியான ஒரு மரபு உண்டு. மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் வெளியிட்ட 'மடொல் தூவ' இன்றைக்கும் தென்னிலங்கைப் பிள்ளைகளின் கையில் இருக்கிறது. உபாலி, ஜின்னா என்ற இரு பையன்கள் ஊரை விட்டு ஓடித் தீவொன்றில் பயிர் செய்து வாழ்ந்த கதை அது. தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் எஸ்.ஈ. ஹின்டன் என்ற பெண் பாடசாலைப் பருவத்தில் எழுதத் தொடங்கிய 'தி அவுட்சைடர்ஸ்' நாவல் 1967இல், அவருடைய 18ஆவது வயதில் வெளியாகி, இந்த இலக்கிய வகைக்கே ஒரு திருப்பமாக அமைந்தது. அந்த நாட்டில் இளையோருக்கு எழுதுபவரின் முதல் நூலுக்கென்றே மொரிஸ் விருது 2009 முதல் வழங்கப்படுகிறது. முதல் நூலுக்குத் தனியாக ஒரு கை கொடுக்க வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

நமக்கு மரபு இல்லையா? இருக்கிறது. இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படும் அறிஞர் சித்திலெவ்வையின் 'அசன்பேயுடைய கதை' 1885இல் வெளிவந்தது. எகிப்தில் பிறந்து, குழந்தையாகவே கடத்தப்பட்டு, பம்பாயில் வளர்ந்த ஒருவன் இளமையிலேயே ஊர் விட்டு ஊர் சென்று, கற்று, துணிந்து, தன் பெற்றோரையும் தன் பெயரையும் கண்டடைகின்ற கதை. பல்கலைக்கழகத்தில் அதை நாவல் வரலாற்றுப் பாடமாகப் படித்தேன். ஆசிரியனான பின் மீண்டும் வாசித்தபோது, இது பதினைந்து வயதுப் பிள்ளை ஒரே மூச்சில் வாசிக்க வேண்டிய கதையல்லவா என்று தோன்றியது. நம் முதல் நாவலின் நாயகனே வீட்டை இழந்து, வீட்டைத் தேடிய ஒரு பையன்தான். வடக்கு முஸ்லிமாகிய எனக்கு அது சும்மா ஒரு செய்தி இல்லை.

காசுக் கணக்கு

உள்ளதைச் சொல்லுவோம். 2023இல் என் நாவலை நானே அச்சிட்டேன். 128 பக்கம், 300 பிரதிகள். முந்திய ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் கடதாசி விலை எங்கே போய் நின்றது என்பது எல்லாருக்கும் தெரியும். 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளைக் கூடக் கடதாசி இல்லாமல் பிற்போட்டார்கள். எனக்கு அச்சுச் செலவு 1,35,000 ரூபா, அதாவது பிரதியொன்றுக்கு 450 ரூபா. வெளியீட்டு விழாவுக்கு மண்டபம், ஒலிபெருக்கி, அழைப்பிதழ், சிற்றுண்டி என்று இன்னும் 25,000. மொத்தம் 1,60,000.

நூலின் விலை 600 ரூபா. விழாவில் 110 பிரதிகள் போயின. கடித உறையில் விலைக்கு மேலாகவே வைத்துத் தந்தவர்களும், முதற்பிரதி பெற்ற அன்பரும் சேர்த்து 92,000 ரூபா. கடைகளுக்கு 60 பிரதிகள் கொடுத்தேன். கடைக் கழிவு 35 வீதம் போக எனக்கு வருவது 390 ரூபா. கவனியுங்கள், அச்சுச் செலவே 450. கடையில் ஒரு பிரதி விற்றால் எனக்கு 60 ரூபா நட்டம். அதிலும் 25 பிரதிகளுக்குத்தான் காசு கைக்கு வந்தது, 9,750 ரூபா. பாடசாலைகளுக்கும் வாசிகசாலைகளுக்கும் 500 ரூபாப்படி நேரே கொடுத்தது 70 பிரதிகள், 35,000 ரூபா. அன்பளிப்பு 50. கூட்டிக் கழித்தால் நட்டம் 23,000 ரூபாவுக்குச் சற்று மேல்.

இது என் ஒருவனுடைய கதையல்ல. இந்நாட்டில் தமிழில் முதல் நூல் போடுகிறவர்களில் பெரும்பாலானோர் எழுத்தாளரும் தாமே, வெளியீட்டாளரும் தாமே, விற்பனையாளரும் தாமே. பெரிய பதிப்பகம் ஏற்றுக்கொண்டால் செலவு இல்லை. ஆனால் ஆசிரியர் பங்கு பொதுவாக விலையில் பத்து வீதமளவுதான். எப்போதும் இப்படியே இருந்ததும் இல்லை. 1970களில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் ஈழத்து நூல்களுக்குச் சந்தை பிறந்தது. வீரகேசரி நிறுவனம் நாவல்களைத் தொடர்ந்து வெளியிட்டது. எங்கள் முல்லைத்தீவு மண்ணின் அ. பாலமனோகரனின் முதல் நாவல் 'நிலக்கிளி' 1973இல் அப்படி வந்ததுதான். அப்போது அவர் முப்பது வயதை ஒட்டிய ஓர் ஆசிரியர். தண்ணிமுறிப்புக் காட்டோரத்தில் வளர்ந்த பதஞ்சலி என்ற இளம் பெண்ணின் கதைக்குச் சாகித்திய மண்டலப் பரிசும் கிடைத்தது. பின்தங்கிய இடத்திலிருந்து வந்த முதல் நாவலை ஒரு நாடு முழுவதும் வாசிக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. அதற்கு எழுத்து மட்டும் போதாது, நூலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழியும் வேண்டும் என்பதற்கும் அதுவே சாட்சி.

ஆகவே காசு என்ற கூலியை எதிர்பார்த்து யாரும் இறங்க வேண்டாம். ஆனால் ஒன்று உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி நூலின் உரிமை ஆசிரியரின் ஆயுள் முழுவதும், மௌத்தான பின் 70 ஆண்டுகளும் இருக்கும். காணி போல அதுவும் பிள்ளைகளுக்குப் போகும். அச்சிட்டுக் கொடுக்கிறோம் என்று யாராவது தாளை நீட்டினால், உரிமை முழுவதையும் எழுதிக் கொடுக்கிறோமா என்று வாசித்துப் பார்த்துவிட்டே கையெழுத்து வையுங்கள்.

பதிவு என்ற கூலி

இரண்டாவது கூலியை நான் எதிர்பார்க்கவில்லை. நூலை அச்சுக்குக் கொடுக்கும் முன் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் சர்வதேசத் தர நூல் எண்ணுக்கு விண்ணப்பித்தேன். இலங்கை நூல்களின் எண்ணில் 955 அல்லது 624 என்ற நாட்டுக் குறி இருக்கும். எண் வந்த அன்று அதைப் பல தடவை பார்த்தேன். பிறகு அச்சகத்தார் சொன்னார், சட்டப்படி சில பிரதிகள் சுவடிகள் திணைக்களத்துக்குப் போக வேண்டும் என்று. அந்தச் சட்டம் 1885ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். 'அசன்பேயுடைய கதை' வந்த அதே வருடம்!

இதில் என்ன பெரிய சந்தோசம் என்று கேட்கலாம். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. தண்ணீரூற்றில் வீடு. உடுத்த உடுப்போடும் ஒரு பையோடும் புறப்பட்டோம். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், வாப்பாவின் கடைக் கணக்குக் கொப்பிகள், என் பாடசாலைத் தேர்ச்சி அறிக்கை எல்லாம் அங்கேயே போயின. புத்தளத்து முகாமில் இருந்து வாப்பா ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கி, நாங்கள் இன்னார், இன்ன ஊரார் என்று நிரூபிக்க முயன்ற வருடங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. இப்படிப்பட்ட குடும்பத்தில் வந்த ஒருவனின் கதை, ஊர்ப் பெயரோடும் ஒழுங்கைப் பெயரோடும், அரசின் சுவடிக்கூடத்தில் சட்டப்படி போய் உட்காருகிறது. உறுதி தொலைந்தவனுக்கு இது என்ன கூலி என்பதை விளக்கத் தேவையில்லை.

2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்த நாட்டில், ஒரே இடத்தில் இருக்கும் நூல் பாதுகாப்பான நூல் அல்ல.

பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் போன்றவர்கள் வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றத்தைப் பற்றி ஆயுளைக் கொடுத்து ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வுகள் இல்லையென்றால் நமக்கு எண்ணும் இல்லை, வரைபடமும் இல்லை. ஆனால் ஒன்பதாம் தரப் பிள்ளை ஆய்வறிக்கை வாசிக்காது. அந்தப் பிள்ளைக்குக் கதைதான் கதவு.

வாசகர் என்ற கூலி

இனி முக்கியமானதற்கு வருகிறேன். ஒக்டோபர் நமது நாட்டில் தேசிய வாசிப்பு மாதம். வெளியேற்றத்தின் மாதமும் அதுவே. நூல் வந்த வருடம் அந்த மாதத்தில் இரண்டு பாடசாலைகள் என்னைப் பேச அழைத்தன.

முதலாவது ஒரு முஸ்லிம் பாடசாலை. என் நாவல் 1990 தை மாதம் தொடங்கி, ஊரை விட்டுப் புறப்படும் நாளோடு முடிவது. பத்து வயதுப் பையன் ஒருவனும் அவனுடைய தமிழ் நண்பன் ஒருவனும் குளத்தில் தூண்டில் போடுகிறார்கள், வற்றாப்பளைப் பொங்கலில் கடை பார்க்கப் போகிறார்கள், ஒரு கிணற்றடியில் சண்டை பிடித்துச் சமாதானமாகிறார்கள். பேசி முடித்ததும் பத்தாம் தரத்துப் பிள்ளை ஒன்று எழும்பியது. "சேர், அந்தக் கிணறு இன்னும் இருக்கா?" என்று கேட்டது. இருக்கிறது, தூர்ந்துபோய் இருக்கிறது என்றேன். கூட்டம் முடிந்த பிறகு தனியே வந்து சொன்னது: "இங்க எங்களப் புத்தளத்துப் பிள்ளையள் எண்டு சொல்லுறாங்க. லீவுக்குப் புத்தளம் போனா முல்லைத்தீவுப் பிள்ளை எண்டு சொல்லுறாங்க. உங்கட புத்தகத்தில எங்கட ஒழுங்கையின்ர பேர் இருக்கு சேர். அதை எங்கட மாமிக்குக் காட்டினன்."

அந்தப் பிள்ளை புத்தளத்தில் பிறந்து, மீள்குடியேற்றத்தின்போது கைக்குழந்தையாக வந்தது. தன் ஊர் எது என்று இரண்டு இடத்திலும் பதில் சொல்லிக் களைத்த பிள்ளை. அச்சில் இருந்த ஓர் ஒழுங்கையின் பெயர் அதற்கு ஒரு பதிலைக் கொடுத்திருக்கிறது. நானும் ஒரு காலத்தில் பல்கலைக்கழக நூலகத்தில் 'நிலக்கிளி'யைத் திறந்து, தண்ணிமுறிப்பு என்ற பெயரை அச்சில் கண்டபோது அப்படியே இருந்துவிட்டவன்தான். வாப்பா நெல் எடுக்கப் போன இடம் அது. வாங்கிய கடனை அடுத்த தலைமுறைக்குத் திருப்பிக் கொடுத்தது போல இருந்தது.

இரண்டாவது ஒரு தமிழ்ப் பாடசாலை. உள்ளதைச் சொன்னால், கொஞ்சம் பயத்தோடுதான் போனேன். பிள்ளைகள் நல்ல மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெடியன் முதலில் கேட்டது: "அப்ப நீங்கள் முதலே இஞ்சதான் இருந்தனீங்களோ சேர்? நாங்கள் சண்டைக்குப் பிறகு வந்து குடியேறின ஆக்கள் எண்டுதான் நினைச்சம்." அவனில் பிழையில்லை. அவன் பிறந்தபோது நாங்கள் போய்ப் பதினேழு வருடம். அவனுக்குச் சொல்ல யாரும் இருக்கவில்லை. காணிப் பிரச்சினை பற்றி வருடக்கணக்கில் கூட்டம் போட்டுப் பேசியும் தீராத ஒரு விசயம், ஒரு வகுப்பறையில் ஒரு கதையால் கொஞ்சம் அசைந்தது என்று எண்ணிக்கொண்டேன். எழுதினதற்குப் பலன் கிடைத்துவிட்டது என்ற பெருமையும் வந்தது.

அந்தப் பெருமை ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. பின்வரிசையில் இருந்த இன்னொரு பெடியன் கையை உயர்த்தினான். "சேர், கதையில வாற அந்தச் சிநேகிதன் பிறகு என்ன ஆனவர்?"

எனக்குத் தெரியாது என்றேன். நாவல் பையன் ஊரை விட்டுப் போவதோடு முடிகிறது என்றேன்.

"அவருக்கு 2009இல இருபத்தொன்பது வயசு இருக்கும் என்ன சேர்," என்றான் அவன். "என்ர மாமாவுக்கும் அப்ப அந்த வயசுதான்."

அதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை. முல்லைத்தீவு மாவட்டத்தில் அந்த வருடத்தைச் சொன்ன பிறகு மேலே சொல்லத் தேவையும் இல்லை. நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று வருடம் எழுதிய கதையில், எங்களோடு தூண்டில் போட்ட பையனைக் கிணற்றடியில் விட்டுவிட்டு நான் லொறியில் ஏறியிருக்கிறேன். அவன் கதை என் கண்ணில் படவே இல்லை. எங்கள் இழப்பை எழுதுவதில் இருந்த அக்கறையில் அவனுடைய பத்தொன்பது வருடத்தை மறந்துபோனேன். பெரியவர்கள் பதினைந்து பேர் என் நூலுக்கு விமர்சனம் சொன்னார்கள். ஒருவரும் இதைக் கேட்கவில்லை.

இளையோருக்கு எழுதுவதன் பெரிய கூலி இதுதான் என்று நினைக்கிறேன். பெரிய வாசகர் நம் மனம் நோகக்கூடாது என்று பார்ப்பார். முன்னுரை எழுதியவரின் பெயரைப் பார்ப்பார். பதினைந்து வயது வாசகர் கதைக்குள் இருக்கும் ஆளைத்தான் பார்ப்பார். அவன் என்ன ஆனான் என்று கேட்பார். அந்தக் கேள்விதான் அடுத்த நூலை நம் கையில் தருகிறது. இப்போது நான் எழுதிக்கொண்டிருப்பது அந்தச் சிநேகிதனின் கதை. அதற்காக என் தமிழ் அயலவர்களின் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். முப்பது வருடத்துக்குப் பிறகு நாங்கள் ஒருவர் கதையை ஒருவர் இவ்வளவு நேரம் கேட்பது இப்போதுதான்.

எழுதி வைத்திருப்போருக்குச் சில சொல்

அனுபவத்தில் கண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அச்சுக்கு முன் கையெழுத்துப் பிரதியைப் பண்டிதர்களுக்குக் கொடுப்பதோடு ஐந்து மாணவர்களுக்கும் கொடுங்கள். அவர்களில் இருவராவது நம் சமூகத்தைச் சேராதவர்களாக இருக்கட்டும். எங்கே வாசிப்பதை நிறுத்தினார்கள் என்று மட்டும் கேளுங்கள். உரையாடலில் நம் வீட்டுப் பேச்சை வெட்கப்படாமல் எழுதுங்கள். உம்மாவும் வாப்பாவும் அம்மா அப்பாவாக மாறினால் நம் பிள்ளை அதைப் பொய் என்று உடனே கண்டுபிடித்துவிடும்.

300க்கு மேல் முதலில் அச்சிட வேண்டாம். கடையை நம்பி விலை போட வேண்டாம். பாடசாலைக்கும் வாசிகசாலைக்கும் நேரே போங்கள். வாசிப்பு மாதத்துக்கு முன்பே நூல் கையில் இருக்கும்படி நாளைத் திட்டமிடுங்கள். அரச சாகித்திய விருதில் இளையோர் இலக்கியத்துக்குத் தனிப் பிரிவு உண்டு, அனுப்புங்கள். கிடைத்தால் அல்ஹம்துலில்லாஹ். கிடைக்காவிட்டாலும் தேர்வாளர் சிலர் வாசித்திருப்பார்கள்.

நம் பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் வசதி படைத்தோருக்கும் ஒரு வேண்டுகோள். முதற்பிரதியை மேடையில் வாங்கிப் படம் எடுப்பது நல்லதுதான். அதே காசுக்கு இருபது பிரதிகள் வாங்கி ஊரின் பாடசாலைகளுக்கு, முஸ்லிம் பாடசாலை தமிழ்ப் பாடசாலை என்று பாராமல், கொடுத்தால் அந்தக் கூலி நீண்ட நாள் நிற்கும்.

ஒரு மனிதர் மௌத்தானதும் அவருடைய அமல்கள் நின்றுவிடுகின்றன. நிலைத்த தர்மம், பயன்தரும் அறிவு, அவருக்காகத் துஆச் செய்யும் நல்ல பிள்ளை ஆகிய மூன்றும் நிற்பதில்லை என்ற கருத்துடைய நபிமொழியை நாம் எல்லாரும் ஓதியிருக்கிறோம். நாவலொன்று பயன்தரும் அறிவில் சேருமா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் இல்லை. அந்த நிய்யத்தோடு எழுதலாம் என்பது மட்டும் தெரியும்.

நெல் வியாபாரியை மறுபடியும் சந்தித்தேன். கணக்கைச் சொன்னேன். "இருபத்துமூவாயிரம் நட்டமோ!" என்று தலையில் கை வைத்தார். அடுத்த கிழமை ஆள் அனுப்பி ஒரு பிரதி வாங்கினார், பேரனுக்கு என்று. பேரன் வாசித்தானோ தெரியாது. வியாபாரி வாசித்திருக்கிறார். போன வெள்ளிக்கிழமை அதே படியில் நின்று கேட்டார்: "மாஸ்டர், அந்தக் கிணத்தடிப் பெடியன்ர தகப்பனை எனக்குத் தெரியுமெல்லோ. அவையள் இப்ப எங்க இருக்கினம்?"

இரண்டு பேருமாகப் போய் விசாரிப்பதாக இருக்கிறோம்.